ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள்

எங்கள் வடக்குமேட்டில் வண்டிகளின் வலி டிரைவர்களுக்கு வரத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்தில், மலையிலிருந்து மூன்று நாள் ஓயாமல் இறங்கிய காற்று நின்ற மறுநாள் காலையில். காற்றுக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை, இப்போதும் யாருக்கும் தெரியாது. ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. விடிந்தால் ஜீப், இருட்டுவதற்குள் ஜீப். அதற்கு நடுவில் காரணம் தேட யாருக்கு நேரம்?

முதல் வலி தங்கமாயனுக்கு வந்தது. நாற்பத்திரண்டு வயது, செந்தூரப்பாண்டியின் பன்னிரண்டு ஜீப்புகளில் ஏழாம் நம்பரை ஓட்டுகிறவர், மலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் பதினெட்டு வருஷமாக ஏறி இறங்குகிறவர். அன்று காலை பஸ் ஸ்டாண்டில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தபோது, அவருடைய இடது முழங்காலுக்குள் யாரோ மணலைக் கொட்டி அரைத்தது போல இருந்தது. இறங்கி நடந்தபோது வலி கூடவே நடந்தது, படுத்தபோது கூடவே படுத்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு இளவட்டத்து எலும்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லித் தைலம் எழுதிக் கொடுத்தார்.

நான்காம் நாள் ஆயில் மாற்ற வண்டியை இன்னாசியின் பட்டறைக்குக் கொண்டுபோனார். இன்னாசி ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினான். வந்த வேலை ஆயில்தான் என்றாலும், தூக்கிய சக்கரத்தை ஒரு தரம் ஆட்டிப் பார்க்காமல் விடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். டக், டக் என்று உள்ளே ஏதோ விளையாடியது. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த தங்கமாயன் டம்ளரைப் போட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறினார். இன்னாசி அவரைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். மறுபடி ஆட்டினான். மறுபடி அலறினார்.

"மாயண்ணே," என்றான் இன்னாசி, ஸ்பேனரைத் தேடிக்கொண்டே, "உங்க காலு நல்லாத்தாண்ணே இருக்கு. கிங் பின்னுதான் போயிருச்சு."

சக்கரம் திரும்பத் தாங்கி நிற்கும் அந்தத் தேய்ந்த பின்னை எடுத்துப் புதியதைப் போட்டுக் கடைசி நட்டை இறுக்கியதும், முழங்கால் வலி வந்த சுவடே தெரியாமல் போனது. தங்கமாயன் எழுந்து இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்து பார்த்தார். "ஆயிலையும் மாத்திரு" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். காதுக்குள் வண்டு ரீங்காரமிடுகிறது, வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறது என்று வந்தவனுக்குச் சக்கர பேரிங் போயிருந்தது. இடது கெண்டைக்கால் வலுவில்லாமல் நழுவுகிறது என்றவனுக்குக் கிளட்ச் பிளேட். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம் அடங்காதவனுக்கு ரேடியேட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. உள்ளங்கால் தீயாய் எரிகிறவனை வண்டியைச் சுற்றிவந்து டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னால், டயர் மொட்டைத் தலையாய் வழுவழுத்தது. வலி வண்டியைக் கடைசியாக ஓட்டியவனோடு இருந்தது. பாகத்தை மாற்றினால் போகும், அல்லது வேறொருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவருக்கு மாறும். இவ்வளவுதான் சட்டம். ஒரு வாரத்தில் ஊருக்கே மனப்பாடம் ஆயிற்று.

எங்கள் ஊர் எதையும் சீக்கிரம் பழகிக்கொள்ளும். பொண்ணு கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை டிரைவர் என்றால், அவன் ஓட்டுகிற வண்டி எந்த நிலைமையில் இருக்கிறது என்று விசாரித்தார்கள். பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் வேன் டிரைவரைத் தினமும் கேட் முன்னால் நிறுத்தி, பத்துத் தோப்புக்கரணம் போடவைத்து முகத்தைப் பார்த்தார். முகம் சுளித்தால் பிள்ளைகளை ஏற்ற விடமாட்டார். டாக்டர் டிரைவர்களை இன்னாசியிடம் அனுப்பினார், இன்னாசி நிஜமாகவே மூட்டு தேய்ந்தவர்களை டாக்டரிடம் அனுப்பினான். பட்டறை வாசலில் நான்கு நாற்காலி போட்டு, வருகிறவர்களிடம் "எங்க வலிக்குது?" என்றுதான் முதலில் கேட்டான். "வண்டி எப்பவும் சொல்லத்தாண்ணே செய்யும்," என்பான். "மொதல்ல சத்தமாச் சொல்லும். அப்புறம் ஆட்டமாச் சொல்லும். அதுக்கும் கேக்கலைன்னா நின்னு சொல்லும். பிரேக் மட்டும் நிக்காமச் சொல்லும். இப்பத்தான் நமக்குக் கேக்குற மாதிரி சொல்லுது, அவ்வளவுதான்."

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. அந்த மூன்று மாதம் எங்கள் மலையில் ஒரு ஜீப் உருளவில்லை, ஒரு ஜீப் வளைவில் நின்றுபோகவில்லை, ஒரு பெண் சிராய்ப்போடு வீடு திரும்பவில்லை. வடக்குமேட்டின் சரித்திரத்தில் அப்படி மூன்று மாதம் அதற்கு முன் கிடையாது. அதை நாங்கள் கொண்டாடியிருக்க வேண்டும். கொண்டாடவில்லை. ஏனென்றால், அதற்குள் முதலாளிகள் சலித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள், அவர்கள் சலித்துக்கொண்டால் நாங்களும் கூடச் சேர்ந்து சலித்துக்கொள்வோம்.

காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும்போது ஒரு ஜீப் பட்டறையில் நிற்பதைச் செந்தூரப்பாண்டியால் பொறுக்க முடியவில்லை. "முன்னெல்லாம் வண்டி ஓடலையா? இப்ப மட்டும் என்ன, தொட்டதுக்கெல்லாம் வலிக்குது வலிக்குதுன்னு?" என்று டீக்கடையில் நின்று கேட்டார். நாங்கள் தலையாட்டினோம். முன்னெல்லாம் வண்டி ஓடியதும் நிஜம், பள்ளத்தில் விழுந்ததும் நிஜம் என்று எங்களில் ஒருவன்கூடச் சொல்லவில்லை.

கார்த்திகையில் மாத்திரை வந்தது. மஞ்சள் மாத்திரை, ஓர் அட்டையில் பத்து. காலையில் சாவி கொடுக்கும்போதே செந்தூரப்பாண்டி மாத்திரையையும் கொடுத்தார். ஒன்று போட்டால் கிங் பின் மறக்கும், இரண்டு போட்டால் பேரிங் மறக்கும், மூன்று போட்டால் வண்டி என்று ஒன்று இருப்பதே மறக்கும். மற்ற முதலாளிகளும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். முடியாது என்ற டிரைவர்களை அனுப்பிவிட்டு வேறு ஆள் தேடினார்கள். "வலி தாங்கும் டிரைவர் தேவை, அனுபவம் அவசியம் இல்லை" என்று ஊரெங்கும் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த நோட்டீஸை அடித்துக் கொடுத்தவன் நான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 'வலி தாங்கும்' என்பதைக் கொட்டை எழுத்தில் போடலாமா என்று நானாகத்தான் கேட்டேன்.

மார்கழி பிறந்த வாரம், தங்கமாயனால் சோற்றை மெல்ல முடியாமல் போயிற்று. கடைவாய்ப் பற்கள் நான்கும் தேய்ந்து வேர் தெரிவது போல வலி. மேட்டில் ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது கண்ணில் நீர் வந்தது. அவர் மனைவி ஈஸ்வரி அதே எஸ்டேட்டில் காய் எடுக்கிறவள், அதே ஜீப்பில் போகிறவள். கஞ்சியைக் கரைத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, "பிரேக் லைனிங்தானே?" என்றாள்.

"ஆமா."

"மொதலாளிகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். பத்து நாள் தாங்கும்கிறாரு. காய் எடுப்பு முடியட்டுமாம்."

"எது தாங்கும்? லைனிங்கா, நீங்களா?"

தங்கமாயன் கஞ்சியைக் குடித்தார். "நான் மாட்டேன்னா, அந்த நோட்டீஸைப் பாத்துட்டு நிக்கிறான் பாரு வரிசையா, அதுல ஒருத்தன் நாளைக்கே உன்னை ஏத்திக்கிட்டுப் போவான் ஈஸ்வரி. அவனுக்கு மலையும் தெரியாது, வண்டியும் தெரியாது. அதுக்கு நான் ஓட்டுறது மேல்."

மறுநாள் காலை அவர் மாத்திரை வேண்டாம் என்றார். பல் வலித்தால்தான் எவ்வளவு லைனிங் மிச்சம் இருக்கிறது என்று தெரியும், அதற்கேற்ற மாதிரி கியரில் இறங்கிக்கொள்வேன் என்று விளக்கிச் சொன்னார். செந்தூரப்பாண்டி சாவியை விரலில் மாட்டிக்கொண்டு சிரித்தார். "முகத்தை இப்பிடி வச்சுக்கிட்டு ஓட்டினா பொம்பளைக பயப்படுவாக மாயா. போட்டுட்டு எடு." எங்கள் கண் முன்னால்தான் மூன்று மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அது பட்டப்பகல் வெளிச்சத்தில், பஸ் ஸ்டாண்டின் நடுவில் நடந்தது.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு, பதினொரு பெண்களோடு இறங்கி வந்த ஏழாம் நம்பர் ஜீப்புக்கு ஒன்பதாம் வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பற்கள் மரத்துப் போயிருந்ததால் தங்கமாயனுக்கு முன்கூட்டி எதுவும் தெரியவில்லை. மிதித்தார், கால் தரைவரை போனது. கியரைக் குறைத்தார், வண்டி உறுமியதே தவிர அடங்கவில்லை. இடது பக்கம் பள்ளம், அதற்குக் கீழே மரங்களின் உச்சி. வலது பக்கம் பாறை. டிரைவர் உட்காருகிற பக்கம் வலது பக்கம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. "குனிஞ்சுக்கங்கத்தா!" என்று கத்திவிட்டு, வண்டியை வலது பக்கம் ஒடித்துப் பாறையோடு தேய்த்துத் தேய்த்து நிறுத்தினார். பெண்களுக்குக் கை முறிந்தது, மண்டை உடைந்தது, ஈஸ்வரிக்குத் தோள்பட்டை எலும்பு விலகியது, ஆனால் யாரும் சாகவில்லை. தங்கமாயனின் வலது கால் மட்டும் தகரத்துக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

போலீஸ் விசாரிக்க வந்தபோது செந்தூரப்பாண்டி வெள்ளைச் சட்டையில் வந்து வாக்குமூலம் கொடுத்தார். "டிரைவர் மாத்திரை போடுற பழக்கம் உள்ளவன் சார். ரத்தத்தைச் சோதிச்சுப் பாருங்க." சோதித்தார்கள், மாத்திரை இருந்தது. அவர் சொன்னது உண்மையாயிற்று. அன்று காலை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த எங்கள் இருபது பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது என் கை கூசுகிறது, கூசட்டும்.

பெரியாஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றினார்கள். கம்பி வைத்து, தையல் போட்டு, கட்டுப் போட்டு, அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். ஆனால் தங்கமாயன் அலறுவது நிற்கவில்லை. விலா நொறுங்குகிறது என்றார், விலாவில் ஒன்றுமில்லை. தாகம், தாகம் என்றார், குடம் குடமாகக் குடித்தார். முழங்கால்கள் இரண்டும் எதிரெதிராகத் திருகிக்கொண்டன. பற்களைக் கடிக்கவும் முடியாமல், திறக்கவும் முடியாமல் வாயைக் கையால் தாங்கிக்கொண்டார். கடைசியாக அந்த ஸ்டியரிங்கைப் பிடித்தவர் அவர்தான். நசுங்கிய ஜீப்பைப் போலீஸ் பார்த்து முடித்ததும் செந்தூரப்பாண்டி சந்தைத் திடலின் மூலையில் இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ரேடியேட்டர் கிழிந்து, முன் ஆக்ஸில் வளைந்து, லைனிங் தகடாகி அது அங்கே கிடக்கும்வரை, இங்கே இவருக்குத் தூக்கம் கிடையாது.

மூன்றாம் நாள் ஈஸ்வரி தோளில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி, பஸ் பிடித்து, நேராகச் சந்தைத் திடலுக்கு வந்தாள். கதவு திறக்க வழியில்லை. உடைந்த முன் கண்ணாடி வழியாக ஏறி உள்ளே இறங்கி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, நல்ல கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவள் போட்ட சத்தத்தில் சந்தையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர்களின் கை நின்றுபோயிற்று. அதே நிமிஷம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஆஸ்பத்திரிக் கட்டிலில், தங்கமாயன் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தூங்கிப்போனார்.

அரை மணி நேரம் தாங்கினாள். பிறகு அந்த ஜீப்பில் வந்த மாயக்காள், தலையில் ஏழு தையலோடு வந்து, "எந்திரி ஈஸ்வரி, நான் ஒக்காருறேன்" என்றாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. பதினொரு பெண்களும் முறைவைத்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி உள்ளே கதற, மற்றவர்கள் வெளியே நின்று அவள் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். அவர்களுடைய வீட்டு ஆண்கள் வந்தார்கள், முதலில் கூட்டிப்போக, பிறகு உட்கார. மாத்திரை வேண்டாம் என்று வேலையை விட்ட டிரைவர்கள் வந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு ஏறினார். ஒரு நாள் விட்டு நானும் போனேன்.

அதை எப்படிச் சொல்வது? என் கடைவாய்ப் பல்லில் யாரோ இரும்பை வைத்து இழைத்தார்கள். இழைக்க இழைக்க எனக்குத் தெரிந்தது, இது பாறையில் மோதிய வலி அல்ல, அதற்கு முந்தைய வலி, பத்து நாள் தாங்கும் என்று சொல்லப்பட்ட வலி. ஒவ்வொரு வளைவிலும் ஒரு மனிதன் இதோடுதான் பதினொரு பேரை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறான். பத்து நிமிஷத்தில் அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு நான் இறங்கி, மண்ணில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். பிறகு எழுந்துபோய்ப் போலீஸில், அன்று காலை பஸ் ஸ்டாண்டில் பார்த்ததை எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு வாரத்தில் ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்கள். வந்தே ஆக வேண்டியவர்களில் வராதவர் செந்தூரப்பாண்டி ஒருத்தர்தான். "பழைய இரும்பு. எடைக்குப் போடப் போறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அதைக் கேட்டதும் ஈஸ்வரி இன்னாசியின் பட்டறைக்குப் போனாள். இன்னாசி தன் வண்டியில் சங்கிலி கட்டினான். மாயக்காள் உள்ளே உட்கார்ந்து பிடித்திருக்க, ஏழாம் நம்பர் ஜீப் தார் ரோட்டைக் கீறிக்கொண்டு, கடைத்தெரு வழியாக, காலை பத்து மணிக்குச் செந்தூரப்பாண்டி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. கேட் பூட்டியிருந்தது. ஊரே அந்த வாசலில் வரிசை கட்டி நின்று, ஒவ்வொருவராக ஏறி, ஒவ்வொருவராக அலறியது.

மாடியிலிருந்து செந்தூரப்பாண்டி எட்டிப் பார்த்தார். "என்ன வேணும் உங்களுக்கு? வழக்கு நடக்குதுல்ல? போங்கப்பா!"

"வந்து செத்த நேரம் ஒக்காருங்க மொதலாளி," என்றாள் ஈஸ்வரி. "ஓட்ட வேணாம். சும்மாப் பிடிங்க. பத்து நாள் தாங்கும்னீங்கல்ல, பத்து நிமிசம் தாங்குங்க."

ஜன்னல் சாத்திக்கொண்டது. சாயங்காலம்வரை திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, கேட்டின் சின்னக் கதவு திறந்தது. வந்தது அவர் மனைவி கோமதி. அந்த வீட்டுக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் எங்களில் பலர் அவர் குரலைக் கேட்டதில்லை. குளித்து, ஈரத்தலையை முடிந்து, வீட்டுப் புடவையில் வந்தார். வரிசையில் கடைசியாகப் போய் நின்றார். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

"வேணாங்கம்மா," என்றாள் ஈஸ்வரி. "நாங்க கூப்பிட்டது உங்களை இல்ல."

"ரெண்டு நாளாக் காது கேக்க உள்ள ஒக்காந்திருக்கேன்," என்றார் கோமதி. "அதுக்கு இது மேலு."

ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.  பிறகு, புருஷனைப் பேர் சொல்லாத அந்த அம்மாள், தெருவே கேட்க, "செந்தூரப்பாண்டி!" என்று கத்தினார். மாடி ஜன்னல் திறந்தது. "விட்டுட்டு இறங்கு கோமதி! கையை எடு!" என்று அவர் பதறிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடிவந்தார். கேட்டுக்கு வெளியே வந்தார். ஜீப்புக்கு இரண்டடி தள்ளி நின்றார். ஒரே ஒரு கை நீட்டினால் போதும், ஸ்டியரிங்கின் மறுபக்கத்தைப் பிடித்தால் வலி அவருக்கு மாறிவிடும். அவர் கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. நாங்கள் அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தோம், உள்ளே இருந்து கோமதியும் பார்த்தார்.

"இன்னாசி," என்றார் செந்தூரப்பாண்டி, "என்னென்ன போடணுமோ போடு. எல்லாம் புதுசாப் போடு."

இன்னாசி அங்கேயே, தெருவிலேயே வேலையைத் தொடங்கினான். டிரைவர்கள் கூடக் கை கொடுத்தார்கள். நடுவில் பல பெண்கள் மாற்றிவிடுவதாகச் சொல்லியும் கோமதி ஸ்டியரிங்கை விடவில்லை. ரேடியேட்டர் மாறியதும் தண்ணீரை வேண்டாம் என்றார். ஆக்ஸில் மாறியதும் முழங்காலை நீட்டினார். வெயில் சாயும் நேரத்தில், இன்னாசி பழைய லைனிங்கைக் கழற்றி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். காகிதம்போல் இருந்தது, ஆணித்தலைகள் வெளியே தெரிந்தன. புதியதைப் போட்டு டிரம்மை மூடி நட்டை இறுக்கினான். கோமதி வாயை மூடினார், பல்லோடு பல்லை மெல்ல வைத்துப் பார்த்தார். இனி அந்த வலி யாருக்கும் மாறாது.

"வீட்டுக்கு வா," என்றார் செந்தூரப்பாண்டி.

கோமதி இறங்கினார்.  ஈஸ்வரி நல்ல கையால் தாங்கிக்கொண்டாள். கோமதி புருஷனைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னாசியிடம் கேட்டார்:

"மொத்தம் பன்னெண்டு வண்டில்ல? மத்த பதினொண்ணும் எங்க நிக்குது?"